பி.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பி.எஸ்.டபிள்யூ., அதாவது இளங்கலை சமூகப்பணி, மூன்று ஆண்டுப் பட்டம். ஆறு செமஸ்டர். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். "சேவை மனப்பான்மை இருந்தால் போதும்" என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். பட்டத்தின் பெயரில் இருப்பது சேவை அல்ல, பணி. ஒரு வீட்டின் சிக்கலைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, பார்த்ததையும் தான் நினைத்ததையும் கலக்காமல் எழுதி, அந்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அடுத்த அடி எடுத்துவைக்கப் பழகுவதுதான் இந்த மூன்று ஆண்டும். தேவிபட்டினம் முதல் ராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம், நரிப்பையூர் வரை நீளும் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் ஒரு பலம் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. ஊரின் பேச்சும் பழக்கமும் தெரியும் என்பது பலம். தெரியும் என்ற நினைப்பிலேயே கேட்காமல் விட்டுவிடுவது பலவீனம்.

சேரும் முன்

முதலில் படிப்பின் பெயரைச் சரிபாருங்கள். பி.ஏ. சமூகவியல் வேறு, பி.எஸ்.டபிள்யூ. வேறு. சமூகவியல் சமுதாயத்தைப் பற்றிப் படிக்கும் பாடம். அதில் வாராவாரம் களப்பணி கிடையாது. விண்ணப்பத்தில் 'சோஷியாலஜி' என்றும் 'சோஷியல் ஒர்க்' என்றும் அடுத்தடுத்து இருக்கும்போது மாற்றி டிக் செய்துவிட்டு, சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

பி.எஸ்.டபிள்யூ. எல்லாக் கல்லூரியிலும் இருப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இணைப்புக் கல்லூரிகளில் அந்த ஆண்டு எதில் இந்தப் பாடம் நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகப் பட்டியலில் பாருங்கள். மதுரையில் மதுரை சமூக அறிவியல் கல்லூரி, சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் ஆகியவை இந்தத் துறைக்கென்றே பெயர் பெற்றவை. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்திலேயே அதுவும் திறந்துவிடும். ரிசல்ட் வந்து பத்து நாள் சும்மா இருந்தால் கடைசித் தேதி நெருங்கிவிடும்.

தூரத்தையும் கணக்குப் போடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170. தினமும் போய்வருவது நடக்காத காரியம். விடுதிச் செலவைச் சேர்த்துத்தான் 'இந்தக் கல்லூரி மலிவு' என்று முடிவு கட்ட வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதிலும் களப்பணி கட்டாயம்தான். 'களப்பணியே வேண்டாம், பரீட்சை எழுதினால் போதும்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

காகிதமும் பணமும்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளியில் தந்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்). எல்லாவற்றுக்கும் 5 நகல் எடுத்து, ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றை மே மாதத்துக்கு முன்பே இ-சேவையில் போட்டுவிடுவது நல்லது. ரிசல்ட் வந்ததும் தாலுகா ஆபீஸில் ஒரே நேரத்தில் விண்ணப்பங்கள் குவியும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்தபின் யூமிஸ் எண் (கல்லூரி மாணவர் அடையாள எண்) பதிவாக வேண்டும். இந்தப் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே: பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், அல்லது வங்கிக் கணக்கில் ஆதார் சேர்க்கப்படாமல் இருப்பது. பாஸ்புக்கை வங்கியில் காட்டி, 'ஆதார் வழியாகப் பணம் வர இந்தக் கணக்கு இணைந்திருக்கிறதா?' என்றே கேளுங்கள். 'ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தோமே' என்றால் இணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மாவுடைய கணக்கும் ஆகாது. உங்கள் பெயரில் வேண்டும்.

களப்பணிக்கு மாதாமாதம் பஸ் செலவு உண்டு. பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான். நம் கடற்கரை ஊர்களில் பலவற்றுக்கு ஓடுவது புறநகர் பஸ். அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏஜென்சி, அதாவது களப்பணிக்கு உங்களை ஏற்கும் நிறுவனம், ஒதுக்கும்போதே எந்த பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். பிறகு மாற்றுவது கஷ்டம்.

வகுப்பில் என்ன இருக்கும்

தமிழ், ஆங்கிலம் எல்லா இளங்கலைக்கும் போல உண்டு. துறைப் பாடங்களில் சமூகவியல், உளவியல், மனித வளர்ச்சி, சமூகச் சட்டங்கள், ஆலோசனை, ஆய்வு முறை வரும். நடுநாயகமாக நிற்பது சமூகப்பணியின் ஆறு முறைகள். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு (ஊரையே ஒன்றுசேர்த்துச் செய்யும் பணி) மூன்றும் முதன்மை முறைகள். சமூகநல நிர்வாகம், சமூகப்பணி ஆய்வு, சமூகச் செயல்பாடு மூன்றும் துணை முறைகள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே இதுவாக இருக்கும்.

ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-இல் வகுத்த ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் தனி ஆளாகப் பார்ப்பது, உணர்ச்சியைச் சொல்ல இடம் கொடுப்பது, நம் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பது, உள்ளபடி ஏற்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, முடிவை அவரே எடுக்க விடுவது, ரகசியம் காப்பது. களத்தில் ஒவ்வொரு வாரமும் இவற்றில் ஏதோ ஒன்றை மீறும் சந்தர்ப்பம் வரும். அதை எழுதினால் அதுவே நல்ல ரிப்போர்ட்.

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படுவது ஆங்கில ரிப்போர்ட்டுக்கு. ஒரு வழி: களத்தில் தமிழில் எழுதுங்கள், ஜனங்கள் சொன்ன வார்த்தையிலேயே. அன்று இரவே அதை எளிய ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுத முயன்றால், தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லுக்குள் அந்த வீடு சுருங்கிப்போகும்.

களப்பணி: ஊருக்குள் எப்படி நுழைவது

முதல் ஆண்டில் பெரும்பாலும் பார்வையிடல்: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, அங்கன்வாடி, குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கூட்டமாகப் போய்ப் பார்த்து வருவது. பிறகு தனியாக அல்லது இருவராக ஒரு ஏஜென்சியிலோ ஊரிலோ போடுவார்கள். பல கல்லூரிகளில் வாரத்துக்கு 2 நாள். வகுப்புக்கு 75 சதவீத வருகை போதும் என்றாலும், களப்பணியில் விட்ட நாளை ஈடுகட்டியே ஆக வேண்டும்.

கடற்கரை ஊரில் நேராக வீடு வீடாகப் போய்ப் பேப்பரை நீட்டாதீர்கள். முதல் நாள் கல்லூரிக் கடிதத்தோடு ஊராட்சி அலுவலகம், ஊர்க் கமிட்டித் தலைவர், அங்கன்வாடி ஊழியர் மூன்று பேரையும் பாருங்கள். கத்தோலிக்க ஊரில் பங்குத்தந்தையை, முஸ்லிம் ஊரில் ஜமாத்தைப் பார்ப்பது வழக்கம். ஆனால் தலைவர் காட்டும் வீடுகளோடு நிறுத்திக்கொண்டால் ஊரின் பாதிதான் தெரியும். கமிட்டிக் கூட்டத்துக்கு வராத பெண்கள், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும் குடிசைகள், வெளியூரிலிருந்து வந்து கரி மூட்டம் போடுகிறவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், பனையேறிகள் ஆகியோரைத் தேடித்தான் போக வேண்டும்.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. அரசின் அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக முன்கூட்டியே எழுத வைக்க வேண்டும். அனுமதி வரும் வரை வேறொரு ஊரில் வேலையைத் தொடங்குங்கள். காத்திருந்தே செமஸ்டர் போய்விடக் கூடாது.

அடுத்து நேரம். இதில்தான் வெளியூர் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காலை 10 மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் ஆண் கடலில் அல்லது தூக்கத்தில் இருப்பார். பெண் மீன் விற்கப் போயிருப்பார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் சில நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று முறை உண்டு. எந்த நாள் எந்தப் படகு என்று கரையில் கேட்டுக் குறித்துக்கொண்டால் யாரை எப்போது வீட்டில் பார்க்கலாம் என்பது தெரியும். பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நீர் வற்றும் நாட்களில் கடலுக்குள் இருப்பார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு, காலில் அலுமினியத் தகடு கட்டிக்கொண்டு மூழ்கும் வேலை அது. முடித்துக் கரையேறியவரிடம் அப்போதே கேள்வித்தாளோடு போய் நிற்பது அநியாயம். மறுநாள் சாயங்காலம் போங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்திலும், ஞாயிறு காலைப் பூசை நேரத்திலும் கூட்டம் வைக்காதீர்கள். லாரித் தண்ணீர் வரும் நேரமும் அப்படித்தான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் பெண்களின் அருகில் நின்று பேசலாம். அவர்களை வேறு இடத்துக்குக் கூப்பிட முடியாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னுவார்கள், பேச நேரம் இருக்கும். ஆனால் கையில் பணம் இருக்காது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது எப்போது வரும் என்பதுதான் அந்த மாதங்களின் பேச்சு. கோடையில் தொடர் களப்பணி இருந்தால் இந்தக் காலத்தோடு பொருந்தும். வருமானம், கடன் பற்றிக் கேட்பதாக இருந்தால் பொறுமையாக, கடைசியில் கேளுங்கள்.

களப்பணி நோட்டு

மூன்று ஆண்டில் மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலைக்கும் உதவப்போவது இதுதான். தவறாக எழுதப்படும் ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

"வீடு மிகவும் ஏழ்மை. அம்மா கவலையாக இருந்தார். பையனுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை. கல்வியின் முக்கியத்துவம் குறித்து அறிவுரை வழங்கினேன்."

இதில் பார்த்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் எழுதியவரின் முடிவு. அதே வீட்டை இப்படி எழுதலாம்:

"மாலை 4.20. ஓலைச் சாய்ப்பு, ஒரே அறை, மின்சாரம் உண்டு. அம்மா வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டே பேசினார். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. 'பத்து நாளா பள்ளிக்கூடம் போகல' என்றார். பையன் நிமிரவில்லை, ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பாட்டி, 'படகுக்குப் போனா சோத்துக்காவது ஆகும்' என்றார். அம்மா பாட்டியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் ஊகம்: பையனைக் கடலுக்கு அனுப்புவதில் வீட்டுக்குள் ஒத்த கருத்து இல்லை. சரிபார்க்க வேண்டியது: வருகைப் பதிவேடு, அப்பா எங்கே. அடுத்த முறை: பையனோடு தனியாக 10 நிமிடம், அம்மா சம்மதித்தால் வகுப்பாசிரியரைப் பார்ப்பது."

பாட்டியின் சொல், அம்மாவின் மௌனம், பையனின் ஐஸ் பெட்டி மூன்றும் அடுத்த வாரம் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டுகின்றன. முதல் குறிப்பை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. களப்பணியை வழிநடத்தும் சூப்பர்வைசரும் அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தர முடியாது.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பார்த்தது கேட்டது, வலப்பக்கம் நினைத்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எழுதாதீர்கள், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து முதல் அரைமணி நேரத்துக்குள் எழுதுங்கள். மறுநாள் எழுதினால் சொன்னவரின் வார்த்தை போய் உங்கள் வார்த்தை வந்துவிடும். உண்மைப் பெயர் எழுதாதீர்கள். 'திருமதி க.' என்று எழுதிவிட்டுக் கூடவே ஊர், தெரு, கணவர் படகின் பெயர் எல்லாவற்றையும் எழுதினால் மறைத்ததாகாது. சிறிய ஊரில் படகின் பெயரே முகவரி.

ஒரு தனிநபர் பணி எப்படி நகரும்

இந்தக் கரையில் வரக்கூடிய ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மனைவிக்கு விதவை உதவித்தொகை வேண்டும். மாதம் 1,200 ரூபாய். விண்ணப்பம் திரும்பி வருகிறது. காரணம், இறப்புச் சான்று இல்லை. உடல் கிடைக்காதவரை ஏழு ஆண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகச் சட்டம் கருதும்.

புதிய மாணவர் இங்கே செய்யும் தவறு, "நான் கலெக்டரிடம் பேசி வாங்கித் தருகிறேன்" என்பது. வாங்கித் தர முடியாது. அந்த ஒரு வாக்குறுதி, உங்களுக்குப் பிறகு அந்த ஊருக்கு வரும் மாணவர்களுக்கும் கதவை மூடிவிடும்.

செய்யக்கூடியது படிப்படியாக. காணாமல் போனதற்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறையில் வாங்கிய டோக்கன் விவரம், உடன் போனவர்களின் வாக்குமூலம், மீனவர் நலவாரிய அட்டை ஆகியவற்றை ஒரே ஃபைலில் சேருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வாரிய அட்டை மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிறகு அவரையே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லி, கூடப் போங்கள். அங்கே இலவச சட்ட உதவி உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனுவை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பேசுவது அவராகவே இருக்கட்டும். அடுத்த முறை நீங்கள் இல்லாமலே அவர் போவார்.

இதற்கு நடுவில் அவர் கணவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறாரா, நிகழ்காலத்தில் பேசுகிறாரா என்று கவனியுங்கள். சில வீடுகளில் சான்று கேட்பதே, 'அவர் வரமாட்டார்' என்று எழுதிக்கொடுப்பது போலத் தோன்றும். விண்ணப்பத்தை அவசரப்படுத்த வேண்டாம். எப்போது தொடங்குவது என்பது அவர் முடிவு.

கையில் பணம் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு நூறு, இருநூறு கொடுத்துவிட்டு வரும் மாணவர்கள் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். மறுவாரம் அந்த வீட்டில் பேச்சு மாறிவிடும். பக்கத்து வீட்டில் கேள்வி வரும். பணத்துக்குப் பதில், எந்தத் திட்டம் எந்த ஆபீஸில் கிடைக்கும் என்று ஒரு பக்கத் தாள் தயார் செய்து வைத்திருங்கள்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு

இந்தக் கரையில் சில கேள்விகளைக் கேட்கவே கூடாது. யார் கடல் அட்டை பிடிக்கிறார்கள், யார் படகில் எதைக் கொண்டுபோகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் பாடம் அல்ல. கடல் அட்டை பிடிப்பது வனவிலங்குச் சட்டத்தில் 2001 முதல் தடை. கேட்டால் உங்களைப் போலீஸ் ஆள் என்பார்கள்; சொல்கிறவருக்கும் ஆபத்து.

ஆனால் 18 வயதுக்குட்பட்ட குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், ரகசியம் என்று வைத்திருக்க முடியாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தக் குழந்தையிடம் விசாரணை நடத்தாதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொன்னதை அப்படியே எழுதி, அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098 வழியாகவோ காவல் நிலையம் வழியாகவோ தெரிவியுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று குழந்தைக்கு முன்கூட்டியே சத்தியம் செய்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்து இருந்தால் உதவுகிற ஒருவரிடம் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். குழந்தைத் திருமணத்துக்கும் 1098. பெண்களுக்கு 181. மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. முதியோருக்கு 14567. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஏர்வாடி

மனநலக் களப்பணிக்கு இந்த மாவட்டத்தில், மனநோய் குணமாக வேண்டி மக்கள் வரும் தர்கா இருக்கும் ஏர்வாடியைத் தவிர்த்துப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இன்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. இதைப் படித்துவிட்டுப் போங்கள். வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

மாவட்ட மனநலத் திட்டக் குழு வழியாக மட்டுமே நுழையுங்கள். தர்காவுக்கு வந்திருக்கும் குடும்பத்திடம் "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கலாம் என்ற வழியில்தான் அங்கே சிகிச்சை ஏற்பாடே அமைந்தது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மருந்து எத்தனை நாளாக நின்றிருக்கிறது, கூட வந்தவர் எங்கே தூங்குகிறார், ஊரில் மற்ற பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் உங்கள் பணிக்குள் வருகிறார் என்பதை மறக்காதீர்கள்.

குழுவும் ஊரும்

குழுப்பணிக்கு 8 முதல் 12 பேர் போதும். வளரிளம் பெண்கள் குழு என்றால் 6 முதல் 8 அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். முதல் அமர்வில் விளையாட்டும் அறிமுகமும். குழு விதிகளை அவர்களே சொல்ல, நீங்கள் எழுத வேண்டும். மூன்றாவது அமர்வில் வருகை குறைவது சகஜம். நீங்கள் லெக்சர் அடித்திருப்பீர்கள். பேச்சைக் குறைத்து வேலை கொடுங்கள். கடைசி அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே "நான் இன்ன தேதியோடு முடிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய துரோகம்.

ஊர் அளவிலான பணிக்குப் பருவ நாட்காட்டி அருமையான கருவி. மணலில் 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் மீன்பாடு எவ்வளவு, கடன் எவ்வளவு, நோய் எவ்வளவு என்று சிப்பியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கலங்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் கலங்கும். எந்தக் கடலை நம்பி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் பஞ்ச மாதம் மாறும். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போட்ட இரண்டு நாட்காட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீன்பாட்டுச் சிப்பியை ஆண்கள் வைத்த இடத்திலேயே பெண்களும் வைக்கக்கூடும். கடன் சிப்பி மட்டும் வேறு மாதத்தில் குவிந்திருக்கலாம். நகை எப்போது அடகுக்குப் போகிறது, குழுக்கடன் தவணை எந்த வாரம் என்ற கணக்கெல்லாம் பெண்கள் கையில் இருப்பதால் வரும் வேறுபாடு அது. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டையும் இருவருக்கும் காட்டி "ஏன் இப்படி?" என்று மட்டும் கேளுங்கள். அழிப்பதற்கு முன் தாளில் வரைந்து, அசலை ஊரிடம் கொடுத்துவிட்டு நகலை எடுத்துவாருங்கள்.

ஊரக முகாமுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் கலையும். இடம் பார்க்கப் போகும்போதே கழிப்பறை எண்ணிக்கையும் தண்ணீரும் பாருங்கள். 40 பேர் வந்து இறங்கி, ஊரின் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு 'விழிப்புணர்வு' ஊட்டுவது முறையல்ல. தண்ணீர் லாரிக்கு பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள். முகங்களைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பின் தனியாகக் கரையில் நிற்காதீர்கள். யார் கூப்பிட்டாலும் படகில் ஏறாதீர்கள்.

மூன்றாம் ஆண்டில்

வைவாவில் தேர்வாளர் ரிப்போர்ட்டைப் புரட்டி ஏதோ ஒரு வீட்டைக் காட்டி, "இங்கே என்ன செய்தீர்கள், ஏன்?" என்பார். மற்றவர் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியவர்கள் மாட்டுவது இங்கேதான். நடக்காமல் போனதையும் எழுதியிருந்தால் பயமில்லாமல் பேசலாம். மூன்று முறை போயும் ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை என்றால், அதுவும் எழுத வேண்டிய தகவல்தான்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறோம். பி.எஸ்.டபிள்யூ. முடித்தவுடன் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்: குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கேஸ் ஒர்க்கர், தொண்டு நிறுவனங்களில் களப் பணியாளர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் பணிக்கு அறிவிப்புகளில் வந்த தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். மருத்துவமனை, மனநலம், தொழிற்சாலை நலன் போன்ற பணிகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுகலை சமூகப்பணி, கேட்பார்கள். அது இரண்டு ஆண்டு. எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம் என்றாலும் மூன்று ஆண்டு களத்தில் நின்றவருக்கு முதல் செமஸ்டரிலேயே வித்தியாசம் தெரியும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் வரும் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் 15 நாள்தான் அவகாசம் இருக்கும். விண்ணப்பத்தோடு களப்பணிச் சான்றின் நகலை இணைத்துவிடுங்கள். அதில் ஏஜென்சியின் முத்திரை, தேதி, மொத்த மணி நேரம் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அன்றே கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லது. மூன்று ஆண்டு கழித்துப் போனால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார்.